கிரகித்தற் பந்தியும் கிரகிக்கப்படாத நூலும்

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களில் ஆங்கிலம் கற்பிக்கப்படுகின்றது என்பது பொதுவாக நிலவும் நம்பிக்கை. கால அட்டவணையில் அதற்கெனப் பாடவேளைகள் உண்டு, ஆங்கில மொழி கற்பித்தற் பிரிவுகள் உண்டு, போதனாசிரியர் உளர், பருவ இறுதியில் வினாத்தாளும் உண்டு. இவையனைத்தும் இருந்தும், பட்டத்தோடு வெளியேறும் தமிழ்மொழிமூல மாணவருள் எத்தனைபேர் தம் துறை சார்ந்த ஆங்கில நூலொன்றை முதற் பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம்வரை வாசித்திருப்பர் என்ற வினாவை எழுப்பினால், கிடைக்கும் விடை எவரும் பெருமைப்படத்தக்கதாக இராது.

மாணவரின் சோம்பலே இதற்குக் காரணம் என்று கூறுவோர் உளர். பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் இன்மையே காரணம் என்போரும் உளர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயின், கோளாற்றின் வேர் வேறிடத்தில் உள்ளது. ஆங்கில வாசிப்பு என்ற பெயரில் இன்று வகுப்பறைகளில் நடைபெறுவது வாசிப்பே அன்று. அது வாசிப்பின் நிழல். நிழலைப் பயிற்றிவிட்டுப் பொருள் கைவரவில்லையே என்று ஏங்குவதாற் பயனில்லை.

பந்தியின் உடற்கூறு

கிரகித்தற் பந்தி என்பது யாது? ஏதோவொரு நூலிலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ வெட்டியெடுக்கப்பட்ட 200 அல்லது 300 சொற்கள் கொண்ட ஒரு துண்டு. அதனை எழுதியவர் யார், எக்காலத்தில் எழுதினார், யாருக்காக எழுதினார், எவரை மறுத்து எழுதினார் என்பன கூறப்படுவதில்லை. அதற்கு முன்னிருந்த பக்கமும் இல்லை. பின்னிருந்த பக்கமும் இல்லை. ஒருநாள் திமிங்கிலம் பற்றிய பந்தி. மறுநாள் இலண்டன் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரதம். அதற்கடுத்த நாள் தேனீ. வரலாறு பயில்வோனுக்கும் புவியியல் பயில்வோளுக்கும் தமிழ் பயில்வோனுக்கும் அதே திமிங்கிலம், அதே தேனீ. பந்தியின் கீழே ஐந்து அல்லது பத்து வினாக்கள். சரியான விடையின் கீழ்க் கோடிடுதல், இடைவெளி நிரப்புதல், ஒத்த கருத்துச் சொல் காணுதல் என்பவற்றோடு வாசிப்பு முற்றுப்பெறுகின்றது.

இவ்வினாக்களுக்கு விடையளிக்கும் கலை பாடசாலைப் பருவத்திலேயே ரியூசன் வகுப்புகளில் ஊட்டப்படுவது. பந்தியை முதலில் வாசிக்காதே, வினாவை வாசி. வினாவிலுள்ள முக்கிய சொல்லைப் பந்தியில் தேடு. அச்சொல் வரும் வாக்கியத்தைப் பெயர்த்தெடுத்து எழுவாயை மட்டும் மாற்றி எழுது. 'எப்போதும்', 'ஒருபோதும்' என்ற சொற்கள் வரும் விடைகளை வெட்டிவிடு. ஒன்றுமே புரியாவிடின் நீளமான விடையைத் தெரிவுசெய் - உபதேசம் இவ்வாறு செல்லும். இவ்வுபதேசம் பயனற்றது என்று கூறமுடியாது. புள்ளி பெறுவதற்கு அது மெத்தப் பயன்படும். அதுவே அதன் குற்றம்.

இதன் போலித்தன்மையை விளங்கிக்கொள்ள ஆங்கிலம் தேவையில்லை, தமிழே போதும். பின்வரும் வாக்கியத்தை நோக்குக: "மொளவன் நேற்றுத் தொம்பலில் மூன்று கீமிகளை நெரட்டினான், அவை பசலாமையால் அவன் பெரிதும் சிவட்டினான்." இனி வினாக்கள். மொளவன் எங்கே நெரட்டினான்? தொம்பலில். எத்தனை கீமிகளை? மூன்று. ஏன் சிவட்டினான்? கீமிகள் பசலாமையால். மூன்று வினாவுக்கும் முழுப் புள்ளி. ஆயினும் மொளவன் யார், கீமி உண்பதா உழுவதா, நெரட்டுதல் நற்செயலா தீச்செயலா என்பது எவருக்கும் தெரியாது. தெரிய நியாயமும் இல்லை. அவை பொருளற்ற சொற்கள். விடையளித்தவன் செய்தது கிரகித்தலன்று. வேற்றுமையுருபுகளைப் பின்பற்றி நடந்த ஒரு நடை. கிரகித்தற் பரீட்சைகளில் சித்தியெய்திய மாணவன் நூலகத்தில் ஒரு நூலை விரித்ததும் திகைப்பது ஏன் என்பதற்கு இங்கே விடை கிடைக்கின்றது. நூலில் வினா இல்லை. எதைத் தேடுவது என்று சொல்லித்தரும் எவரும் இல்லை. வினாவைத் தானே எழுப்பவேண்டிய இடத்தில், வினாவைப் பார்த்து விடை தேடப் பழகியவன் கைவிடப்படுகின்றான்.

இது வெறும் ஊகமன்று. ஐக்கிய அமெரிக்காவில் கல்லூரி அனுமதிக்குப் பயன்படும் எஸ்.ஏ.ரி. பரீட்சையின் வாசிப்பு வினாக்களைப் பந்திகள் இன்றியே மாணவரிடம் கொடுத்து நடத்திய ஆய்வொன்று 1990 இல் வெளியாயிற்று. பந்தியைக் கண்ணாற் காணாமலே, குருட்டு ஊகத்தால் கிடைக்கக்கூடியதைவிட அதிக வினாக்களுக்கு மாணவர் சரியான விடையளித்தனர். பந்தியே தேவைப்படாத ஒரு பரீட்சை பந்தியை விளங்கும் ஆற்றலை எங்ஙனம் அளக்கும்? அவ்வளவு பொருட்செலவோடும் நிபுணத்துவத்தோடும் ஆக்கப்படும் வினாத்தாளின் நிலையே இதுவாயின், அவசரத்திற் படியெடுக்கப்படும் வினாத்தாள்களைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

கணக்கு ஒன்று

மொழியை வாசித்தே கற்கமுடியும் என்பதில் இருவேறு கருத்தில்லை. எவ்வளவு வாசிப்பது என்பதே வினா. ஒரு பந்திக்கு 300 சொற்கள் எனவும், ஓராண்டில் 40 பந்திகள் எனவும் கொண்டால், மாணவன் ஓராண்டில் வாசிப்பது 12,000 சொற்கள். பக்கத்துக்கு 300 சொற்கள் கொண்ட நூலில் இது 40 பக்கங்கள். ஓராண்டு முழுதும் உழைத்து ஒரு நூலின் இரண்டு அத்தியாயங்களைக்கூட எட்டாத வாசிப்பு அது. அவையும் ஒன்றோடொன்று தொடர்பற்ற 40 துண்டுகள். 200 பக்கங்கள் கொண்ட ஒரேயொரு நூலை வாசிப்பவன் இவனைப்போல் ஐந்து மடங்கு வாசித்துவிடுகின்றான்.

ஆங்கில நூலொன்றை அகராதியின் துணையின்றித் தடையின்றி வாசிப்பதற்கு 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது நியூசிலாந்து மொழியியலாளர் போல் நேஷன் 2006 இல் வெளியிட்ட கணிப்பு. இச்சொற்கள் மனத்திற் பதிய, ஒரே சொல் பலமுறை, பல சூழல்களில் எதிர்ப்படவேண்டும். ஒரு துறையைச் சார்ந்த நூலில் அத்துறைச் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் திரும்பி வருகின்றன. நில உடைமை பற்றிய நூலை வாசிப்பவனுக்குக் குத்தகை, வரி, குடியானவன் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் இருபதாம் பக்கத்துக்குள் பழகிவிடும். திமிங்கிலத்திலிருந்து தேனீக்குத் தாவும் பந்திகளிலோ ஒருமுறை வந்த சொல் மறுமுறை வருவதேயில்லை.

பீஜித் தீவுகளின் கிராமப்புறப் பாடசாலைகளில் வோர்விக் எலி, பிரான்சிஸ் மங்குபாய் என்போர் நடத்திய பரிசோதனை இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற சிறுவரின் வகுப்பறைகளில் ஏறத்தாழ 250 கதைநூல்கள் கொண்டுவந்து வைக்கப்பட்டன. வழமையான பயிற்சிகளை மட்டும் செய்த மாணவரைவிட, நூல்களை வாசித்த மாணவர் ஆங்கில வாசிப்பில் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் முன்னேறினர் என அவர்கள் 1983 இல் அறிவித்தனர். மந்திரமோ புதிய முறையியலோ அங்கு இல்லை, நூல்களே இருந்தன.

அறிவின்றி வாசிப்பு இல்லை

கிரகித்தற் பயிற்சியை ஆதரிப்போர் அதன் அடிப்படையாகக் கொள்ளும் கருத்து ஒன்றுண்டு. வாசிப்பு என்பது பொருளோடு தொடர்பற்ற ஒரு பொதுத்திறன். திமிங்கிலத்தில் பயிற்றினால் அது திருக்குறள் ஆராய்ச்சியிலும் கைகொடுக்கும் என்பது அக்கருத்து. இது சோதனைக்கு நின்று பிடிக்காத கருத்து. 1988 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றிற் பாடசாலை மாணவர் பேஸ்போல் விளையாட்டு பற்றிய பகுதியை வாசித்தனர். வாசிப்பில் பின்தங்கியவராயினும் விளையாட்டை அறிந்திருந்தோர், வாசிப்பிற் சிறந்தவராயினும் விளையாட்டை அறியாதிருந்தோரைவிட அதனை நன்கு விளங்கி நினைவிற் கொண்டனர். அதற்கு முன்னர், 1979 இல் வெளியான வேறோர் ஆய்வில் இந்தியரும் அமெரிக்கரும் இந்தியத் திருமணம் ஒன்றையும் அமெரிக்கத் திருமணம் ஒன்றையும் வருணிக்கும் இரு கடிதங்களை வாசித்தனர். ஒவ்வொருவரும் தத்தம் பண்பாட்டுக்குரிய கடிதத்தை விரைவாக வாசித்துக் கூடுதலாக நினைவுகூர்ந்தனர். மற்றையதைத் தம் வழக்கத்துக்கு இயையத் திரித்து விளங்கிக்கொண்டனர்.

இதன் பொருள் தெளிவானது. தமிழ்மொழிமூல மாணவன் வெறும் பாத்திரத்தோடு ஆங்கில வகுப்புக்கு வருவதில்லை. உயர்தரத்தில் வரலாறோ புவியியலோ இந்து நாகரிகமோ பொருளியலோ ஆழமாகக் கற்று, கடும் போட்டியில் வென்றே அவன் பல்கலைக்கழகம் புகுகின்றான். சோழர் நிலமானியம் பற்றித் தமிழிற் கற்றவனுக்குச் சோழர் பற்றிய ஆங்கில அத்தியாயத்தின் பாதிப் பொருள் வாசிப்பதற்கு முன்னரே தெரிந்தது. அவனது தமிழறிவே அவன் ஆங்கிலத்தில் ஏறுவதற்கான ஏணி. இன்றைய வகுப்பறை அந்த ஏணியை வாசலிலேயே பிடுங்கி வைத்துவிட்டு, இருபது வயது கடந்த ஒருவனைப் பத்து வயதுச் சிறுவனுக்குரிய பந்தியோடு உட்கார்த்துகின்றது. அவன் அறிவாளியாக நுழைந்து அறிவிலியாக வெளியேறுகின்றான். ஆங்கில வகுப்புக்கு மாணவர் வருவதில்லை என்று முறையிடுவோர் இந்த அவமதிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, ஆங்கிலக் கற்பித்தலில் மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்த்தல் பற்றி 1999 இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இதற்கு நல்ல சான்று உண்டு. போர்ச்சூழலில் அமெரிக்கப் பாடநூலொன்றைக் கொண்டு ஆங்கிலம் கற்க நேர்ந்த மாணவர், அந்நூலின் ஓரங்களிற் குறிப்புகள் எழுதினர், படங்கள் வரைந்தனர், பாடநூலின் மாந்தரைத் தம் உலகுக்கு இழுத்துவந்தனர். பாடம் அவர்களைப் பேசவிடாதபோது ஓரம் பேசிற்று. வாசிக்கும் ஆவல் அவர்களிடம் இல்லாமலில்லை. வாசிக்கத்தக்கது முன்னே வைக்கப்படவில்லை.

வாளின் வரலாறு

இந்நிலை திடீரெனத் தோன்றியதன்று. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோற்றம்பெற்று, சேர் ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தரானபோது போதனாமொழி ஆங்கிலமாக இருந்தது. அன்றைய மாணவனுக்கு ஆங்கிலம் ஒரு பாடமன்று, நூலகத்தின் வாயில். ஆனால் அவ்வாயில் சிலருக்கே திறந்திருந்தது. கட்டணம் செலுத்தி ஆங்கிலப் பாடசாலைகளிற் பயிலும் வசதி படைத்தோரே அதனுள் நுழைந்தனர். கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. தொடக்க வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. அந்த அலை வகுப்பு வகுப்பாக ஏறி, 1960ஆம் ஆண்டளவிற் பேராதனைக் கலைப்பீடத்தை எட்டியது. கிராமத்துப் பிள்ளைகள் முதன்முறையாகத் தம் மொழியிற் பட்டப்படிப்பை மேற்கொண்டனர். இது இலங்கை வரலாற்றின் மாபெரும் சமூக மாற்றங்களுள் ஒன்று. அதனைப் பழித்துப் பேசுவோர் யாருடைய பக்கம் நிற்கின்றனர் என்பது சொல்லாமலே விளங்கும்.

அம்மாற்றத்தோடு இன்னொரு முயற்சியும் தொடங்கிற்று. அரசகரும மொழித் திணைக்களம் பல்கலைக்கழக நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டது. ஏ. எல். பசாமின் நூல் 1963 இல் 'வியத்தகு இந்தியா' என வந்தது. நீலகண்ட சாஸ்திரியாரின் தென்னிந்திய வரலாறும் தமிழில் வந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1860களில், மானிப்பாயிற் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். இம்மரபு தொடர்ந்து செழித்திருப்பின் நிலைமை வேறாக இருந்திருக்கும். ஆனால் வெள்ளம் வற்றிற்று. புதிய நூல்கள் ஆங்கிலத்தில் மலைபோற் குவிய, தமிழாக்கம் துளியாயிற்று. இடைவெளியை நிரப்பியது நூலன்று, விரிவுரைக் குறிப்பு. விரிவுரையாளர் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழிற் சொன்னதை மாணவன் எழுதினான். எழுதியதை மனனஞ் செய்தான். மனனஞ் செய்ததைப் பரீட்சையிற் கொட்டினான். மூலநூல் என்ன சொல்கின்றது என்பதைச் சரிபார்க்க அவனிடம் வழியிருக்கவில்லை. ஒருவர் வாசித்ததை நூறுபேர் நம்பும் கல்விமுறைக்குப் பல்கலைக்கழகம் என்ற பெயர் பொருந்துமா?

தென்னிலங்கை மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்றனர். வாள் என்பது அதன் பொருள். பேராதனையில் ஆங்கிலத்துறையிற் பணியாற்றிய திரு கந்தையா 1984 இல் இச்சொல்லைத் தலைப்பாகக் கொண்டு ஒரு கட்டுரை வரைந்தார். ஆங்கிலம் அதிகாரத்தின் ஆயுதம் என்பதை அச்சொல் எவ்வளவு கூர்மையாக உணர்த்துகின்றது என்பதை அவர் காட்டினார். வாளைப் பற்றிய இவ்வுவமையை இன்னும் ஒருபடி நீட்டிப் பார்க்கலாம். கிரகித்தற் பயிற்சி மாணவனுக்கு வாளைக் கொடுப்பதில்லை. மட்டையில் வெட்டிய வாளொன்றைக் கொடுத்து, போருக்குப் போய்வா என்று வாழ்த்தி அனுப்புகின்றது. கொழும்பின் ஆங்கிலம் பேசும் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைக்குப் பந்தி தேவையில்லை. அப்பிள்ளை வீட்டு அலுமாரியிலேயே நூலைக் கண்டுவிடுகின்றது. மலையகத் தோட்டத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்தும் வரும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகமே முதலும் இறுதியுமான வாய்ப்பு. அவ்வாய்ப்பும் பந்தியிற் கழிந்துவிட்டால், சித்திச் சான்றிதழ் ஒன்று மிஞ்சும். ஏற்றத்தாழ்வு அப்படியே நிலைக்கும். வாய்ப்பு அளிக்கப்பட்டது என்ற பெயரும் ஆள்வோருக்குக் கிடைத்துவிடும்.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயுமன்று. தென்கொரியாவில் ஒரு கல்லூரியில் ஈராண்டு பயின்றோர் வேறொரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிச்செல்ல விரும்பின், தலைநகரின் பல பல்கலைக்கழகங்களில் அவர்கள் எதிர்கொள்வது ஆங்கிலப் பரீட்சையே. அருஞ்சொற்கள், இலக்கணம், வாசிப்புப் பந்திகள் எனப் பல்தேர்வு வினாக்கள். அவற்றுக்கென்றே தனியார் பயிற்சி நிலையங்கள். கொரிய இலக்கியம் பயில மாற விரும்புபவனையும் ஆங்கிலப் பந்தி வாசலில் நிறுத்தி வைக்கக்கூடும். அங்கு ஆங்கிலம் அறிவின் கருவியாக அன்றி, இடம் குறைந்த வாசலில் கூட்டத்தைச் சலிக்கும் சல்லடையாகவே தொழிற்படுகின்றது. வேறெதையும் நியாயமாக அளக்க இயலாத நிறுவனம், அளப்பதற்கு எளிதானதை அளக்கின்றது. பந்தி எங்கும் வாழ்வதன் இரகசியம் இதுவே: அது கற்பவருக்கு வசதியானதன்று, திருத்துபவருக்கு வசதியானது.

தமிழ் மாணவனின் இழப்பு

தமிழ் பயிலும் மாணவனுக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்போர் பின்வருவனவற்றைச் சிந்திக்க வேண்டும். பேராதனையிற் பயின்று, அங்கேயே தமிழ் கற்பித்து, 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராகிய கைலாசபதி, சங்கப் பாடல்களை வீரயுகக் கவிதைகளாக நிறுவிய ஆய்வை 1968 இல் ஒக்ஸ்போர்ட் வாயிலாக ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய சிவத்தம்பியின் ஆய்வு 1981 இல் நூலானதும் ஆங்கிலத்திலேயே. தனிநாயகம் அடிகள் நடத்திய 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் இதழின் மொழியும் ஆங்கிலமே. கைலாசபதியின் நூலும் சிவத்தம்பியின் நூலும் தமிழாகி வந்தது பல ஆண்டுகள் கழிந்த பின்னரே. இடைப்பட்ட காலத்தில் எத்தனை அணி மாணவர் புறநானூற்றைப் பயின்று சென்றனர்! தம் பாடலைப் பற்றி, தம் பேராசிரியர், தம் பல்கலைக்கழகத்திலிருந்து சென்று எழுதிய நூலை அவர்கள் பிறர் வாய்ச்சொல்லாகவே அறிந்தனர். வீரயுகக் கோட்பாட்டை ஏற்றோரும் மூலத்தை வாசிக்கவில்லை, மறுத்தோரும் வாசிக்கவில்லை. ஏற்பும் மறுப்பும் வெறும் கட்சியாயின.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வாதத்துக்கு எதிராக எழக்கூடிய மறுப்புகள் நான்கு.

முதலாவது, அடிப்படை இலக்கணமே அறியாதவனிடம் நூலைக் கொடுத்தால் அவன் என் செய்வான் என்பது. இது நேர்மையான வினா. பாடசாலையிற் பல ஆண்டுகள் இலக்கணமும் பந்தியும் பயின்ற பின்னரும் அடிப்படை வரவில்லையாயின், அதே மருந்தை இன்னும் ஓராண்டு புகட்டுவதால் நோய் தீருமா என்பது எதிர்வினா. எளிய நூலிலிருந்து தொடங்கலாம். ஏற்கெனவே தமிழிற் கற்ற பொருளிலிருந்து தொடங்கலாம். தமிழாக்கத்தையும் மூலத்தையும் அருகருகே வைத்துத் தொடங்கலாம். 'வியத்தகு இந்தியா'வின் ஓர் அத்தியாயத்தை ஒரு கையிலும் அதன் ஆங்கில மூலத்தை மறுகையிலும் வைத்துக்கொண்டு பத்து வாரம் உழைத்தவன் பெறுவதைப் பந்திகள் தரப்போவதில்லை. இலக்கணம் அங்கேயே, தேவைப்படும் இடத்திற் கற்பிக்கப்படலாம்.

இரண்டாவது, தொழில்தருவோர் கேட்பது வாசிப்பையன்று, பேச்சையே என்பது. பேச்சுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆனால் வங்காளத்திற் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ற் 1926 இல் எழுதியது இன்றும் பொருந்தும். நூல்கள் தன் தாய்மொழியிற் போதியளவு இல்லாத மாணவனுக்கு முதலில் தேவைப்படுவது வாசிக்கும் ஆற்றலே என அவர் வாதிட்டார். பேசுவதற்கு எதிரில் ஒருவர் வேண்டும். கிராமத்துக்குத் திரும்பும் பட்டதாரிக்கு அவர் கிடைக்காமற் போகலாம். நூல் எங்கும் உடன்செல்லும். மேலும், சொல்வதற்குப் பொருள் இல்லாதவனின் சரளம் விற்பனைக் கூடத்துக்கே உதவும், பல்கலைக்கழகத்துக்கு உதவாது.

மூன்றாவது மறுப்பு தாய்மொழிப் பற்றாளரிடமிருந்து எழுவது. அனைத்தும் தமிழில் வரவேண்டும். ஆங்கிலத்தை நாடுவது அடிமைப்புத்தி என்பர். அனைத்தும் தமிழில் வரவேண்டும் என்பதே சரியான இலக்கு. ஆனால் யார் கொண்டுவருவது? ஆங்கிலத்தை ஆழ வாசிக்கத் தெரிந்த தமிழறிஞரன்றி வேறெவர் தமிழாக்குவர்? ஆங்கில வாசிப்பைக் கைவிட்டவர் தமிழ்மொழிமூலக் கல்வியைக் காத்தவராகார். அதற்கு நீர்பாயும் வாய்க்காலை அடைத்தவரேயாவர். மறுபுறத்தில், தமிழ்மொழிமூலத்தை ஒழித்து ஆங்கிலமூலமாக்கினால் எல்லாம் தீரும் என்போரும் தவறிழைக்கின்றனர். வாசிக்கத் தெரியாத மாணவனுக்கு ஆங்கிலத்திற் குறிப்புச் சொன்னால், புரிந்து மனனஞ் செய்தவன் புரியாமலே மனனஞ் செய்யத் தொடங்குவான். நடப்பது அவ்வளவே.

நான்காவது, இன்று பிறந்த மறுப்பு. கைத்தொலைபேசி நொடிப்பொழுதிற் பந்தியைத் தமிழாக்கித் தருகின்றது. ஆகவே வாசிக்கக் கற்பது வீண் என்பது. உண்மையில் இது பந்திக்கு எதிரான வாதமேயன்றி வாசிப்புக்கு எதிரான வாதமன்று. பந்திக்கு விடை காண்பது பொறிக்கும் இயலும் வேலை என்பதைப் பொறி நிறுவிவிட்டது. ஆனால் பொறி தந்த தமிழ் சரியா, ஆசிரியர் எள்ளலாகச் சொன்னதைப் பொறி மெய்யாகக் கொண்டுவிட்டதா, ஒரு கலைச்சொல்லின் வரலாற்றை அது அறியுமா என்று தீர்ப்பவர் யார்? மூலத்தை வாசிக்கத் தெரிந்தவரே. விரிவுரைக் குறிப்பை நம்பி இருந்த தலைமுறையைப் போலப் பொறியை நம்பி இருக்கும் தலைமுறையும் பிறர் வாய்ச்சொல்லிலேயே வாழ நேரும்.

செய்யத்தக்கன

குறை கூறுதல் எளிது. மாற்றுவழி கூறுதல் கடன். முதலாம் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு துறையும் தன் மாணவருக்கு ஒரு பருவத்துக்கு ஓர் ஆங்கில அத்தியாயத்தையாவது, அடுத்த ஆண்டில் ஒரு சிறு நூலையாவது முழுமையாக விதிக்கவேண்டும். அதனை ஆங்கிலப் போதனாசிரியரும் துறை விரிவுரையாளரும் சேர்ந்து கற்பிக்கவேண்டும். இன்று இருவரும் ஒரே மாணவனுக்கு இரு வேறு கட்டடங்களிற் கற்பித்து, ஒருவர் செய்வதை மற்றவர் அறியாதிருப்பதே வழமை. வகுப்பில் தமிழ் விலக்கப்படலாகாது. ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் விவாதிப்பது குற்றமன்று. அதுவே கிரகித்தலின் உரைகல்.

பரீட்சையும் மாறவேண்டும். முன்னரே வாசித்த நூலிலிருந்து ஒரு பகுதியையும் வாசிக்காத ஒரு பகுதியையும் கொடுத்து, அகராதியையும் அனுமதித்து, ஆசிரியரின் வாதத்தைத் தமிழிற் சுருக்கி எழுதுமாறும், அதனை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்கம் வரையுமாறும் கேட்கலாம். இதற்கு விரல்நுனி வித்தை உதவாது. திருத்துவது கடினமாக இருக்கும் என்பது உண்மையே. திருத்துவதற்கு எளிதான கல்வி கற்பதற்குத் தகுதியற்றது என்பதும் உண்மையே.

மாணவரும் தம் பங்கைத் தட்டிக்கழிக்க முடியாது. குறிப்புக் கேட்டு விரிவுரையாளரை நெருக்குவதும், கடந்தகால வினாத்தாள்களைப் பரிமாறுவதும், ஆங்கில வகுப்பு வரவுக்காக மட்டும் கையொப்பமிடுவதும் அவர்களே. நூலைக் கேட்டுப் போராடிய மாணவர் சங்கம் எது? உணவுக்கும் விடுதிக்கும் குரல் எழுப்புவது நியாயமாயின், நூலகத்தை வாசிக்கும் உரிமைக்கும் குரல் எழுப்புவது அதனினும் நியாயமானது. தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் விழாவும் மலரும் காண்கின்றன. அம்மலரில் ஆங்கிலத்திலிருந்து மாணவர் கூட்டாக வாசித்து, விவாதித்து, தமிழாக்கிய ஓர் ஆய்வுக் கட்டுரை ஆண்டுக்கு ஒன்று இடம்பெறுமாயின், பத்து ஆண்டுகளில் ஒரு நூலுக்குரிய பொருள் தமிழுக்குக் கிடைக்கும். அதைவிட முக்கியமாக, மூலநூலை அஞ்சாமல் விரிக்கத் தெரிந்த பத்து அணி மாணவர் கிடைப்பர்.

கிரகித்தல் என்ற சொல்லுக்குப் பற்றுதல், கைக்கொள்ளுதல் என்பனவும் பொருள். கோடிட்டுக் காட்டிய விடையை எவரும் கைக்கொள்வதில்லை. பரீட்சை மண்டபத்தை விட்டு நீங்கும்போதே அது கையைவிட்டு நழுவுகின்றது. உழைத்து வாசித்து, வாதாடி, தன் மொழியிற் சொல்லிப் பார்த்த நூலே ஒருவனின் உடைமையாகின்றது. அத்தகைய உடைமை எதுவுமின்றி வழங்கப்படும் பட்டங்கள் எத்தனையாயினும், அவை பல்கலைக்கழகத்தின் செல்வமாகா. அதன் கடனாகவே கணக்கில் ஏறும்.